தூண்டிலின் இரு முனைகள்

திருப்பதி மாவட்டத்திலுள்ள நாயுடுபேட்டை சொர்ணமுகி ஆற்றின் கரையில் அமைந்த ஊர். அங்கிருந்து வாக்காடு வழியாகக் கிழக்கே சென்றால் வங்கக் கடல்; தெற்கே பழவேற்காடு ஏரியின் உவர்நீர்ப் பரப்பு. வெயில் தாழ்ந்த பிறகு இரு நண்பர்கள் அக்கடற்கரையில் வந்து அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். ஒருவர் கையில் தூண்டில். மற்றவர் புலால் உண்ணாதவர்; இளமை முதல் உடன் வளர்ந்த நண்பருக்குத் துணையாக வந்தவர். பேச்சு அதிகமில்லை. நெடுநாள் பழகியவர்களுக்கு மௌனமே உரையாடல். நரம்பு காற்றில் மெல்ல அதிர்கிறது. அலை வருகிறது, போகிறது. வாரம் முழுவதும் கடையிலும் கணக்கிலும் அலைந்த மனம் அந்த ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது.

அந்நேரத்தில் ஒரு கிழங்கான் மீன் சிக்குகிறது. விரல் நீளம்கூட இல்லை.

"குஞ்சு மீன். விட்டுவிடு" என்கிறார் துணைக்கு வந்தவர்.

"முள்ளைத் தொண்டை வரை விழுங்கியிருக்கிறது. விட்டாலும் பிழைப்பது அரிது" என்கிறார் மற்றவர்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையே பழமையான ஓர் அறக்கேள்வி கிடக்கிறது. ஒருவனுடைய மன அமைதிக்கு விலையாக மற்றோர் உயிரின் துடிப்பு அமையலாமா?

உயிர்க்கொலை தீது என்று சொல்லி இக்கேள்வியை ஒரே வரியில் முடித்துவிடலாம். திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்களே வகுத்திருக்கிறார். ஆயினும் இந்நாட்டின் பக்தி மரபு இக்கேள்வியை அவ்வளவு எளிதாக முடிக்கவில்லை. சொர்ணமுகியின் நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிச் சென்றால் திருக்காளத்தி. அங்கே இறைவனுக்குத் தன் கண்ணையே பெயர்த்து அப்பிய கண்ணப்பர் ஒரு வேடர். அவர் படைத்த நைவேத்தியம் இறைச்சி. மகாபாரதத்தின் வனபர்வத்தில் தவச்செருக்குற்ற கௌசிகன் என்ற அந்தணனுக்குத் தர்மத்தை உபதேசிப்பவர் மிதிலை நகரில் இறைச்சி விற்கும் ஒரு வியாதர். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தரோ மீனவர். அவரையும் அறுபத்து மூவருள் ஒருவராகச் சேக்கிழார் பாடினார்.

அதிபத்தரின் வரலாறு இங்கே ஆழ்ந்து எண்ணத்தக்கது. வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவது அவருடைய நியமம். பிறகு காலம் மாறியது. நாள் முழுவதும் வலை வீசியும் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அந்த ஒன்றையும் இறைவனுக்கே விட்டார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. செல்வம் கரைந்தது, சுற்றத்தார் பசித்தனர், உடல் தளர்ந்தது. இறுதியில் ஒருநாள் பொன்னும் நவமணியுமாக ஒளிவீசும் மீன் வலையில் வந்தது. அன்று கிடைத்ததும் அது ஒன்றே. அதையும் அவர் கடலில் விட்டார். நாகை காயாரோகணேசுவரர் கோயிலில் ஆவணி மாதத்து ஆயில்ய நாளில் மீனவர்கள் இந்நிகழ்ச்சியை விழாவாக எடுத்து, பொன்மீனைக் கடலில் விடுகின்றனர்.

இப்போது கரையில் அமர்ந்திருக்கும் நண்பர் அந்தச் சிறு மீனை விட்டிருந்தால், அதுவும் அதிபத்தர் செய்த செயல்தானே என்று தோன்றலாம். புறத்தே பார்த்தால் அதுவே, அகத்தே நேர்மாறு. அதிபத்தர் பசிக்காகப் பிடித்தார், அன்புக்காக விட்டார். விளையாட்டாகத் தூண்டில் போடுபவரோ விளையாட்டுக்காகப் பிடித்து, தேவையில்லாததால் விடுகிறார். முன்னவர் விட்டது தம் உணவை. பின்னவர் விடுவதில் அவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. அதிபத்தரின் செயலைத் தியாகம் என்கிறோம். இதைக் கருணை என்று சொல்வதற்கே சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. முள் குத்திய வாயோடு நீருக்குத் திரும்பும் மீனின் நிலையில் நின்று பார்த்தால் அத்தயக்கம் இன்னும் கூடும்.

மீனுக்கு வலி உண்டா என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. 2003ஆம் ஆண்டு பிரிட்டனில் லின் ஸ்னெட்டன் முதலிய ஆய்வாளர்கள், வானவில் டிரவுட் என்னும் மீனின் தலைப்பகுதியில் ஊறு உணரும் நரம்பு முனைகள் உள்ளன என்று காட்டினார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் அடியிலிருந்த சரளைக் கல்லில் வாயைத் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. மனிதன் உணர்வதைப் போன்ற வலி அதுவன்று என வாதிடும் அறிஞர்களும் உளர். ஆனால் ஐயத்தின் பயனை யாருக்கு அளிப்பது, தூண்டிலுக்கா, மீனுக்கா? சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டு வகுத்த விலங்குப் பாதுகாப்பு விதிகளில், திரும்ப விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே தடை செய்தது. உண்பதற்கென்றால் பிடிக்கலாம், வெறும் களிப்புக்காகக் கூடாது. அதிபத்தரை அறியாத நாட்டின் சட்டம் அவருடைய அறத்துக்கு மிக அருகில் வந்து நிற்பது வியப்பே.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. காவிரியில் மஹசீர் மீனைத் தூண்டிலில் பிடித்து மீண்டும் ஆற்றில் விடும் முகாம்கள் கர்நாடகத்தில் பல ஆண்டுகள் நடந்தன. வெடி வைத்து மீன் கொல்பவர்களை ஆற்றிலிருந்து விலக்கி வைக்க அம்முகாம்களின் காவல் உதவியது. பின்னர் வனவிலங்குச் சட்டத்தின் காரணமாக அவை நிறுத்தப்பட்டன. காவிரிக்கே உரிய திமில் மஹசீரோ 2018ஆம் ஆண்டு அழிவின் விளிம்பிலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சில மீன்களின் துன்பம் ஓர் இனத்தையே காக்குமானால் அதைத் தீமை என்று ஒதுக்குவது எளிதன்று. ஆனால் அந்த வாதம் காவிரிக் காவலருக்குப் பொருந்தும். மாலைப் பொழுதைக் கழிக்கக் கடற்கரைக்கு வந்தவர் அதை இரவல் வாங்கிக்கொள்ள இயலாது.

மன ஒருமைப்பாடு என்ற வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. 1653இல் தூண்டிற்கலை பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயர் ஐசக் வால்டன், அதைச் சிந்தனையாளனின் பொழுதுபோக்கு என்றே அழைத்தார். அந்நூலும் வழித்துணைவர்களின் உரையாடலாகவே அமைந்தது. கவிஞர் பைரன் பிற்காலத்தில் அவரைக் கொடியவர் என்று சாடினார். ஸ்ரீராமகிருஷ்ணரும் தூண்டில்காரன் ஒருவனை உவமையாகக் கூறியிருக்கிறார்: வழி கேட்ட அவதூதருக்கு அவன் பதில் சொல்லவில்லை, அவன் கண் தக்கையின் மீதே இருந்தது. மீனைப் பிடித்த பிறகே திரும்பிப் பார்த்தான். அவதூதர் அவனைக் குருவாக ஏற்று வணங்கினார்.

ஆனால் பாகவதத்தில் அவதூதரின் இருபத்து நான்கு குருமார்களில் மீனும் ஒன்று. நாவை அடக்காததால் முள்ளில் மாட்டி மாண்டது என்பதே அது தரும் பாடம். ஆக ஒரே தூண்டிலின் இரு முனைகளிலும் குருமார் இருக்கின்றனர். கோலைப் பிடித்தவனிடம் அவதூதர் கற்றது கவனத்தை. முள்ளைக் கவ்வியதிடம் கற்றது எச்சரிக்கையை. அவர் கையில் மட்டும் தூண்டில் இல்லை. இரு பாடங்களையும் கரையில் நின்று பார்த்தே பெற்றார். கவனம் தன்னளவில் அறமாகிவிடாது. ஓடையில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குக்கும் அது உண்டு.

பழவேற்காட்டு மீனவர்களிடையே 'பாடு' என்ற முறை வழங்கிவருகிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பது முறை வைத்துத் தீர்மானிக்கப்படும். தம் முறை வராத நாளில், கண்ணெதிரே மீன் துள்ளினாலும் வலையை எடுக்கக் கூடாது. இம்முறைக்குள் இடம் கிடைக்காத பிற மீனவர்களின் மனக்குறையும் உண்மையே. எனினும் பிழைப்புக்காகக் கொல்பவர்களே தம் கைக்கு ஓர் எல்லை போட்டுக்கொண்டிருக்கும்போது, பிழைப்புக்கு வேறு வழியுள்ளவர் எங்கே எல்லை போடுவார்?

கடற்கரையில் இருட்டிவிட்டது. குஞ்சு மீன் ஈர மணலில் அசைவற்றுக் கிடந்தது. தூண்டில் வைத்திருந்தவர் அதை எறிந்துவிடாமல் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இதை யார் உண்பார்கள்?" என்று கேட்டார் நண்பர்.

"பிடித்தவன் நான். நானே உண்கிறேன்" என்றார் அவர்.

இருவரும் வண்டியை நோக்கி நடந்தனர். வாக்காடு தாண்டும் வரை இருவரும் பேசவில்லை. இம்முறை அந்த மௌனம் கடற்கரையில் இருந்ததைப் போல இல்லை.