பாரமில்லாத கேள்வி

மீற்றரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. அதே இடத்தில் ஹெட்லைற்றைக் கொழுவினால் மஞ்சளாக ஒரு மினுக்கு, அவ்வளவுதான். உப்புக்காற்று அடிக்கும் கரையில் பழைய கார் வைத்திருக்கும் எவருக்கும் இது பழக்கம். வயரின் பிளாஸ்ரிக் உறைக்குள் செப்புச் சரங்களில் முக்கால்வாசி களிம்பேறி இற்றுப்போயிருக்கும். மிஞ்சி நிற்கும் ஓரிரு சரங்கள், வோல்ட்டேஜைக் கொண்டுவந்து காட்டப் போதும். மீற்றர் கேட்பது அவ்வளவு சொற்பம். அதன் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம். ஆகவே அது இழுக்கும் கறண்ட், ஓர் அம்பியரை 10 இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஹெட்லைற் ஒன்று கேட்பதோ 4 அம்பியர்.

நான் புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் வைத்துத் திருத்திக்கொண்டிருப்பது ஓர் எம்.ஜி. மிட்ஜெட். இரண்டு ஆசனம், துணிக்கூரை, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே கதவு. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். சாதாரணச் சம்பளக்காரனுக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் என்பதுதான் எண்ணம். அதற்காகப் புதிய எஞ்சின் எதையும் தேடாமல், மொரிஸ் மைனரில் ஓடிய அதே குடும்பத்து எஞ்சினைப் போட்டார்கள்: முதலில் 948 சிசி, 1962 இலிருந்து 1098 சிசி. அந்தச் சிக்கனம்தான் இன்று என்னைக் காப்பாற்றுகிறது. மிட்ஜெட் என்று கேட்டால் புத்தளத்தில் எந்தக் கடைக்காரரும் கையை விரிப்பார். மொரிஸ் மைனருக்கு என்று கேட்டால் உள்ளே போய்த் தேடுவார், பல நேரம் சாமானோடுதான் வெளியே வருவார்.

இலங்கையில் மொரிஸ் மைனர் சாகாமல் இருந்ததற்குக் காரணம் வறுமை. 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி நெரிக்கப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருப்பதைத் திருத்தி ஓட்டுவதுதான் வழி. 2020 மார்ச்சில் அதே கதவு மறுபடி மூடி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் யாழ்ப்பாணத்தார் பட்டது தனிப்பாடு. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ-40 காரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சின் பற்றுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். அதைச் சின்னப் போத்தலில் வைத்துக் காபிரேற்றருக்குள் பீச்சுவார்கள். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். புகையும் இரைச்சலுமாக அந்தக் கார்கள் கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. ஒரு பொருளின் தரத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கார்களின் மின்வேலையைச் செய்த லூக்காஸ் கம்பனியைப் பழிப்பது உலகமெங்கும் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. லூக்காஸின் வயரிங் படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு திறந்த புத்தகம். பற்றரியிலிருந்து நேரே வருவது மண்ணிறம். சாவியைத் திருப்பியபின் உயிர் பெறுவது வெள்ளை. அதுவே ஃபியூஸைத் தாண்டினால் பச்சை. ஏர்த் எப்போதும் கறுப்பு. அறுபது வருடம் கழித்து, இன்னொரு கண்டத்தில், வரைபடம் கையில் இல்லாத ஒருவரும் நிறத்தைப் பிடித்துக்கொண்டு போய் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பிழை பெரும்பாலும் திரும்பும் வழியில் இருக்கிறது. கறண்ட் லைற்றுக்குப் போனால் மட்டும் போதாது, கார் பொடியின் இரும்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்பவும் வேண்டும். அந்த இரும்பில்தான் கறள், பெயின்ற், சோளகம் கொண்டுவந்த உப்பு எல்லாம்.

எனக்கு இதைக் கற்றுத்தருபவர் ஒரு நானா. படகு எஞ்சின்களின் மின்வேலையும் செய்வார். அவர் வயரைத் தொட்டு ஆட்டிப் பார்ப்பதில்லை, எதையும் உடனே மாற்றச் சொல்வதுமில்லை. முதலில் லைற்றைப் போடச் சொல்வார். எரிகிறதோ மங்குகிறதோ, போட்டபடியே விடச் சொல்வார். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஏர்த் கட்டையில் வைப்பார். 1967 வரையிலான மிட்ஜெட்டில் அது நேர்முனை. இன்றைய கார்களுக்குத் தலைகீழ். மற்ற முனையை லைற் சட்டியின் இரும்பில் வைப்பார். இரண்டும் ஒரே ஏர்த் என்பதால் மீற்றர் பூச்சியத்தை ஒட்டி நிற்கவேண்டும். எங்களுடையது 2.1 காட்டியது. அதாவது லைற்றுக்குச் சேரவேண்டிய 2 வோல்ட், திரும்பும் வழியில் எங்கோ சும்மா சூடாகிக்கொண்டிருந்தது. 12க்குப் பதில் 10 வோல்ட் வந்தால் வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதி. கறுப்பு வயரின் போல்டைக் கழற்றினார், அடியில் இருந்த பெயின்றை இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டினார், வொஷர் போட்டு இறுக்கி மேலே வசலின் பூசினார். மறுபடி பார்த்தால் 0.1. லைற் வெள்ளையாக எரிந்தது.

“லோட் குடுக்காமப் பாத்தா எல்லா வயரும் நல்ல வயர்தான் தம்பி” என்றார்.

அந்தச் சொல் காரோடு நிற்கவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் விசாரிப்பதெல்லாம் மீற்றர் வைத்துப் பார்ப்பதுதானே. “எப்படி இருக்கிறீங்க?” “நல்லம்.” கேட்பவர் ஒன்றும் இழுக்கவில்லை; பதில் சொல்பவருக்கும் பாரமில்லை. பொய் சொன்னார் என்றும் சொல்லமுடியாது. அந்த நொடியில் அவரிடம் 12.6 இருக்கத்தான் செய்கிறது. நாடும் அப்படித்தான் இருந்தது. 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன்முறியை உரிய நாளில் கட்டினோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. களப்பின் அந்தப் பக்கம் நுரைச்சோலையில் 900 மெகாவோட் நிலையம் இருந்தும் எங்கள் கரையில் இருட்டு. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது.

நானா எருக்கலம்பிட்டிக்காரர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை, 70,000 பேருக்கும் மேல், வெளியேற்றியபோது மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியே கற்பிட்டிக்கு வந்தவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. அப்போது அவர் பொடியன். இத்தனை காலப் பழக்கத்தில் நான் கேட்ட நேரமெல்லாம் “அல்ஹம்துலில்லாஹ், நல்லம்” என்றுதான் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் மாலை, வைப்பர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மன்னாரிலிருந்து தொலைபேசி. வாப்பாவின் காணி அளக்க நாள் குறித்திருக்கிறார்கள், எல்லை பற்றிப் பக்கத்துக் காணியோடு பேச்சிருக்கிறது. போனை வைத்தபின் அவருடைய கை ஸ்குரூவைப் பிடிக்கவில்லை. அதன்பிறகு பேசினார். வள்ளத்தில் ஏறும்போது உம்மா வீட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டது, முகாமின் கிடுகுக் கொட்டில், திரும்பிப்போய்ப் பார்த்தபோது வீடு நின்ற இடத்தில் நின்ற பற்றை. பதிலுக்குச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை, டோர்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள், மனிதர்களையும் லோட் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்போல என்று அவரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வயருக்கு நாம லோட் குடுக்கலாம். அறுந்தா மாத்தலாம். ஆளுக்குக் குடுத்துப் பாக்கிறது நம்மட வேலையில்ல. அது எல்லாருக்கும் ஏற்கனவே ஏறித்தான் இருக்கு. ஏறின நேரம் ஆரு கிட்ட நிக்கிற எண்டதுதான் கேள்வி.” நான் நினைத்ததைவிட அவர் சொன்னதுதான் சரி. துருவித் துருவிக் கேட்டு உண்மையை வரவழைப்பது அக்கறை ஆகாது. மையித்து வீட்டில் மூன்றாம் நாளைக்குப் பிறகு, ஆஸ்பத்திரி வாங்கில் இரவு இரண்டு மணிக்கு, கடலில் ஒன்றும் படாத மாதத்தின் கடைசியில், பாரம் தானாகவே ஏறி நிற்கிறது. அங்கே போய் நிற்பவருக்குக் கேள்வி தேவைப்படுவதில்லை.

காணி அளக்கும் நாளுக்கு அவர் எப்போதும்போலத் தனியாகப் போக இருந்தார். மிட்ஜெட்டில் போவோம் என்று சொல்லியிருக்கிறேன். புத்தளத்திலிருந்து அநுராதபுரம், மதவாச்சி சுற்றி மன்னார். திரும்பும்போது இரவாகிவிடும், வாடைக்கால மழையும் இருக்கும். அவர் இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்: டைனமோ தரக்கூடியது 22 அம்பியர். ஹெட்லைற் இரண்டுக்கும் 8, இக்னிஷனுக்கு 4, வைப்பருக்கு 3, மற்றச் சின்ன லைற்றுகளுக்கு 2. மிச்சம் 5 பற்றரிக்கு. “காணும்” என்கிறார். ரயில் கடவையில் நிற்க நேர்ந்தால் மட்டும் ஹெட்லைற்றை அணைத்துவிட வேண்டுமாம்; எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது இந்த டைனமோ சார்ஜ் பண்ணாது.