வலித்தது யாருக்கு?

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த அன்று நான் "அம்மா, அம்மா" என்று அலறினேனாம். "போதும், எடுத்துருங்க" என்று கெஞ்சவும் செய்தேனாம். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஊசி போட்டதும், இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதும் நினைவிருக்கின்றன. அதற்கடுத்து நினைவிலிருப்பது மருமகள் நீட்டிய காப்பி. "அதான் எல்லாம் மறந்துட்டீங்களே, பெறகென்னம்மா!" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

மறந்துவிட்டால் பட்டது இல்லையென்று ஆகிவிடுமா?

எனக்குப் போட்ட மருந்தின் பெயர் மிடசோலம். அது ஆளை முழுக்க உறங்க வைப்பதில்லை. கேட்டால் பதில் சொல்வோம், வலித்தால் முகம் சுளிப்போம். நடந்தது மட்டும் மனதில் பதியாது. குடல்வலிக்கும் ஒரு விசித்திரம் உண்டு. உட்சுவரைக் கிள்ளினாலும் சுட்டாலும் குடலுக்கு உறைக்காது. காற்றடைத்து உப்பும்போதும், குழாய் வளைவில் சுருண்டு இழுக்கும்போதும்தான் உயிர் போகும். ஆக, என் குடலிலிருந்த பாலிப்புகளை, அதாவது சிறு சதை வளர்ச்சிகளை, கம்பிச் சுருக்கால் அறுத்தெடுத்தபோது நான் கத்தியிருக்க மாட்டேன். வழியில் ஏதோ ஒரு வளைவில்தான் கத்தியிருப்பேன்.

இவ்வளவுக்கும் தொடக்கம் மலத்தில் கண்ட ரத்தம்தான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அப்படிக் கண்டால் மூலச்சூடு, அதற்குக் கருணைக்கிழங்கு லேகியம். விசாரணை அத்தோடு முடிந்தது. பெரும்பாலும் மூலமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் அப்படி ஊகித்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. பாலிப் புற்றாக மாறுவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் எடுத்துவிட்டால் தப்பித்தோம். முந்தின நாள் குடித்த இரண்டு லிட்டர் பேதி மருந்தைப் பற்றித் தனியாக ஒரு புராணமே பாடலாம். மறக்க வேண்டியது அதுதான், அது மறக்கவில்லை.

நினைவு எதுவரை போகிறதோ அதுவரைதான் 'நான்' என்ற பொருளில் எழுதியவர் இங்கிலாந்துத் தத்துவஞானி ஜான் லாக். அதைச் சொல்லும் அத்தியாயம் அவருடைய நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. லாக் மருத்துவமும் படித்தவர். 1668இல் ஆஷ்லி என்ற பிரபுவின் கல்லீரல் கட்டியை அறுத்து வடிக்க ஏற்பாடு செய்து, கூடவே இருந்து கவனித்தவர் அவர். மயக்க மருந்தே இல்லாத காலம் அது. கத்தியின் கீழ் ஒரு மனிதர் கிடந்ததைப் பார்த்தவரா நினைவை இவ்வளவு நம்பினார் என்று எனக்கு ஆச்சரியம்தான். அவர் கணக்குப்படி அன்று மேசையில் அலறியது நானில்லை.

ஓர் ஆய்வு என்னை இதைவிட அதிகமாகத் தொந்தரவு செய்தது. கனடா மருத்துவர் ரெடல்மயரும் உளவியலாளர் டேனியல் கானமனும் சேர்ந்து செய்தது, 2003இல் வெளிவந்தது. கொலோனாஸ்கோப்பி என்னும் இந்தக் குழாய்ப் பரிசோதனைக்கு வந்த 682 பேரில் சுமார் பாதிப் பேருக்கு, வேலை முடிந்த பிறகும் குழாயின் நுனியை மூன்று நிமிடம் வரை அசைக்காமல் உள்ளேயே விட்டுவைத்தார்கள். அவதிதான், ஆனால் அதற்கு முன் பட்டதைவிடக் குறைவு. அதிக நேரம் அவதிப்பட்ட இவர்கள்தாம், மொத்தத்தில் குறைவாக வலித்தது என்று பிறகு சொன்னார்கள். அடுத்த பரிசோதனைக்குத் திரும்பி வந்தவர்களும் இவர்களில்தான் கொஞ்சம் கூடுதல். அப்படி வந்தவர்களில் சிலர் உயிர் பிழைத்திருக்கக்கூடும். ஆனாலும், பின்னால் நினைத்துப் பார்க்கப்போகிறவரின் நிம்மதிக்காக, அங்கே படுத்துக் கிடந்தவரல்லவா கூடுதலாகப் பட்டார்?

ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்பில் இதைக் கிளப்பினேன். பதின்மூன்றாம் நூற்றாண்டு மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உயிர் என்று தனியே ஒன்று உண்டென நிறுவ வருகிறார். மூச்சுதான் உயிர் என்பவருக்கு அவர் தரும் மறுப்பு: உறக்கத்திலும் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சி இல்லை, எனவே நுகர்வது மூச்சாக இருக்க முடியாது. இந்தக் கணக்கில் நான் எங்கே நிற்கிறேன்? உறங்கியிருந்தால் அலறியிருக்க மாட்டேன். யாரோ நுகர்ந்திருக்கிறார்கள்.

"ஐயா, நினைவில் இல்லாத வலி வினையைக் கழிக்குமா?" என்று கேட்டேன்.

வகுப்பெடுக்கும் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போன பிறவி ஒனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். "இல்ல." "பெறகு அந்தக் கடனை இப்போ கட்டுதது யாரு?"

லாக் எனக்கு உதவாத இடத்தில் ஐயா உதவினார். மறுபிறவியை நம்புகிற மரபு நினைவை உடைமைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவே முடியாது. போன பிறவியின் வினை நினைவில்லாமலே என்னுடையது என்றால், அன்றைய அலறலும் என்னுடையதுதான்.

ஆனால் வகுப்பில் ஒருவர் உடனே, "அப்போ உங்க கர்மம் கழிஞ்சுது, நல்லதுதானே" என்றார். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. என் வலியை வினைக்கணக்கில் எழுதிக்கொள்ள நான் சம்மதிக்கலாம். எனக்கு ஊசி போடுகிறவர் சம்மதிக்கக் கூடாது. அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பது நாளைக்கு நினைக்கப்போகிறவள் அல்ல, அந்த நிமிடத்தில் அலறுகிறவள்.

ஒரு பாலிப் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்ததால் மூன்று ஆண்டு கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். "அடுத்த தடவை நான் கத்தினால் நிறுத்திட்டு மருந்தைக் கூட்டுங்க, எப்படியும் மறந்துரும்னு விட்டுராதீங்க. இதை ஃபைல்ல எழுதி வைங்க" என்றேன். டாக்டர் யோசித்துவிட்டு, "அப்போ புரொப்போஃபாலே குடுத்துருவோம்மா, அசந்து தூங்கிருவீங்க. மயக்க டாக்டர் தனியா வரணும், செலவு கொஞ்சம் கூடும்" என்றார். கூடட்டும் என்றேன். எழுதிக்கொண்டார்.