தொக்கணமும் உடல் பற்றிய வினாவும்

சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் தரையில் அமர்ந்து, குனிந்தபடியே வெடி சுற்றியும் திரி பொருத்தியும் கூலி பெறுவோரின் கழுத்தும் இடுப்பும் நாளடைவில் இறுகிவிடுவதால், தட்டல், அழுத்தல், முறுக்கல், இழுத்தல் முதலிய ஒன்பது வகைக் கைமுறைகளைக் கொண்டதும், சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளுள் ஒன்றுமான தொக்கணம், அதாவது உடலைப் பிடித்துவிட்டுச் சீர்செய்யும் சிகிச்சை, அங்கே வெறும் சுகபோகமாகக் கருதத்தக்கதன்று. அழியும் உடலைத் திருத்துவது வீண் அன்றோ என்னும் பழைய வினாவுக்கு, உடம்பைப் பேணுவதே உயிரைப் பேணும் வழி என்பது சித்தர் திருமூலர் கண்ட விடையாகும்.

சிவகாசி அமைந்துள்ள அதே விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர், 'நான் யார்' என்னும் விசாரத்தின் வழியே உடலைத் தானென்று கொள்ளாத நிலையில் நின்றவர். எனினும் முழங்கால் வாதத்துக்கு எண்ணெய் தேய்க்கப்படுவதை அவர் ஏற்றதுண்டு. கையில் தோன்றிய கட்டிக்காக 1949இல் அறுவை சிகிச்சைகளுக்கும் இசைந்தார். இதை முரண்பாடு என்பது அவசர முடிவு. உடலைத் தானெனக் கொள்ளாமை வேறு, உடலைப் புறக்கணித்தல் வேறு. மேலும் அந்தப் பற்றின்மை அவரவர் தம் வலிக்கே உரியது, பிறர் வலியை வினைப்பயன் என்று ஒதுக்குவதற்கு உரியதன்று. ஆகவே, தொக்கணம் தளர்த்திய பட்டாசுத் தொழிலாளியின் முதுகு மறுநாள் அதே தரையில் மீண்டும் வளையுமாயின், உட்காரும் பலகையும் ஓய்வு நேரமும்கூட அறத்தின் வினாக்களே.