பார்க்க வந்தவன்

2016இல் கிரிஸ்டல் செரினிட்டி என்ற சொகுசுக் கப்பல் சுமார் ஆயிரம் பயணிகளுடன் ஆர்க்டிக்கின் வடமேற்குக் கடல்வழியே போயிற்று. துருவ மிருகங்கள், பழைய மாலுமிகளின் சரித்திரம், இனுயிட் வாழ்க்கை: மூன்றும் ஒரே டிக்கெட்டில். கேலி செய்ய எனக்கு யோக்யதை இல்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலை பார்க்கப் போனவன் நான். ஆகாயகங்கை, வல்வில் ஓரி, மலையாளிப் பழங்குடிகள் என்று என் பட்டியலும் அதே மாதிரிதான்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியை நோக்கிக் கேமராவை உயர்த்தினேன்.

"உங்க ஊர்ல என்ன சாமி இருக்கு பாக்கறதுக்கு?"

நாமக்கல் கோட்டையையும் ஆஞ்சநேயரையும் சொன்னேன்.

"அதில்ல. நீங்க சோறாக்குறதப் பாக்க யாராச்சும் வாராங்களா?"

எனக்கு 1897 ஞாபகம் வந்தது. பியரி கிரீன்லாந்திலிருந்து ஆறு இனுயிட்டுகளை நியூயார்க் மியூசியத்துக்குக் கொண்டுவந்தார். பார்க்கக் கூட்டம் கூடிற்று. நால்வர் காசநோயில் இறந்தார்கள். அவர்கள் எலும்புகள் 1993இல்தான் ஊர் திரும்பின. கூட்டத்தில் துவேஷம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆர்வமே போதும்.

பார்ப்பவன் தானும் பார்க்கப்படச் சம்மதிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அன்று நான் சம்மதிக்கவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினேன்.