பரிசிலும் தகுதியும்

பரிசில் ஒருவரின் தகுதிக்குச் சான்றா, அன்றி அவர் நின்ற இடத்திற்குச் சான்றா என்பது கல்வியுலகில் நெடுங்காலமாக எழுந்துவரும் வினாவாகும். அமெரிக்கக் கல்லூரிகள் பல, அனுமதி கோருவோர் பெற்ற விருதுகளையும் கருத்திற் கொள்வதால், அங்கு விருது தேடுவதே மாணவர்க்கு ஒரு தனி முயற்சியாகிவிட்டது. இலங்கையின் நிலை வேறு. அரச பல்கலைக்கழகங்களிற் புகுவதற்குக் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறே வழி. பாடங்களுக்குப் புறம்பான துறைகளில் தேசிய மட்டத்திற் சிறந்தோர்க்கு மிகச் சில இடங்களே உள. எனினும், 2001 ஆம் ஆண்டு முதல் கையாளப்படும் இசட் புள்ளியும் ஒருவகைப் பரிசிலே. ஆகவே மேற்கூறிய வினா இங்கும் எழுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள மலையக மாணவர் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களிற் பறித்த கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்படுகின்றது. குறித்த நிறை குறைந்தால் அரைப் பேர் இடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. செழித்த புதுத் தேயிலையிற் கொழுந்தெடுப்பவருக்கும், செங்குத்தான சரிவிலே முதிர்ந்த தேயிலையில் எடுப்பவருக்கும் தராசு ஒன்றே. தராசிற் பிழையில்லாதிருக்கலாம், ஆனால் ஏறிய சரிவை அது கணக்கிடுவதில்லை.

பரீட்சையும் இத்தகையதே. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் நிருவாகங்களின் பொறுப்பிலேயே இருந்தன. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. பின்தங்கித் தொடங்கியவரையும் முன்னே தொடங்கியவரையும் ஒரே வினாத்தாள் கொண்டு அளந்து, வந்த வேறுபாடு முழுவதையும் திறமையின் வேறுபாடு எனக் கூறுவது பொருந்துமா? பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் நுவரெலியா உள்ளிட்ட பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவது, கொழுந்தோடு சரிவையும் கணக்கிட முயலும் ஏற்பாடு எனலாம்.

இதனால் கூடிய புள்ளி பெற்றவர் இழப்படைகின்றார் என்னும் மறுப்பு எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் வடபுலத் தமிழ் மாணவர் உள்ளத்தில் ஏற்படுத்திய காயத்தை வரலாறு அறியும். ஆயினும் மொழி நோக்கி ஒருவருக்குத் தடை இடுவதும், வசதியின்மை நோக்கி ஒருவருக்குக் கை கொடுப்பதும் வேறுவேறாம். சமுதாயத்தில் ஒருவர் எவ்விடத்திற் பிறக்கின்றார் என்பது அவர் உழைத்துப் பெற்ற தகுதியாகாது என, ஜோன் றோல்ஸ் 1971 இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் வாதிட்டார். லயத்திற் பிறப்பதும் நகரத்துக் கல்லூரியின் அருகே பிறப்பதும் இத்தகையனவே.

எனவே பரிசில் தேடுவது இழுக்கன்று. தோட்டத்து மாணவருக்குப் புலமைப்பரிசில் வெறும் அணிகலனன்று. விடுதிக் கட்டணமும் பேருந்துக் காசும் அதுவே. 1981 இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியமும் திறமையோடு குடும்ப வருமானத்தையும் நோக்குவது இதனாலேயே. இழுக்கு வேறிரண்டு இடங்களில் உண்டு. குறைந்த வெட்டுப்புள்ளியை நாடி வசதியுள்ளோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து மலையகப் பாடசாலைகளிற் பதிவதொன்று. அது விதிக்கு உடன்பட்டதாயினும் அறத்திற்கு உடன்பட்டதாகாது. மலையகத்தின் பெயரால் இடம்பெற்றவர், பின்னர் அதனைத் தம் தனித்திறமையின் விளைவென்றே எண்ணி ஊரை மறப்பது மற்றொன்று.

மாவட்டத்தின் பின்னடைவைக் கருதி வழங்கப்பட்ட இடம், பெற்றவருக்கு மட்டும் உரியதன்று, அம்மாவட்டத்துக்கும் உரியது. விடுமுறைக்குத் தோட்டம் திரும்பும் பல்கலைக்கழக மாணவர், அடுத்து உயர்தரம் எழுதவிருக்கும் பிள்ளைகளுடன் சில மாலைப் பொழுதுகள் அமர்ந்து பாடம் சொல்வாராயின், பெற்ற பரிசிலுக்கு அப்பொழுதே தகுதியுடையவராவார்.