கண்ணுக்கும் ஒரு ஹக்கு உண்டு



பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்த வாலிப ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள். இச்செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, அவருடைய உடலுக்கும் கண்ணுக்கும் அவர்மீது ஹக்கு உண்டென்று உணர்த்தி, வணங்கவும் உறங்கவும் பணித்தார்கள். வணக்கத்துக்காகவே ஆனாலும் கண்ணின் உரிமையைப் பறிக்கலாகாது என்றால், விளையாட்டுக்காகப் பறிப்பது தகுமா?

இன்று நம் வீடுகளில் நடப்பதென்ன? கைப்பேசியிலும் கணினியிலும் வீடியோ விளையாட்டில் மூழ்கிய பிள்ளை நள்ளிரவு கடந்தும் எழுவதில்லை. சுபுஹு பாங்கு ஒலிக்கும்போது சில வாலிபர்கள் விழித்துத்தான் இருக்கிறார்கள். ஏனெனில் இன்னும் படுக்கவே இல்லை! பின்னர் கண்ணயர்ந்தால் தொழுகையும் போயிற்று, பள்ளிப் பாடமும் போயிற்று.

விளையாட்டே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அன்னையார் கண்டுகளிக்க இடமளித்தார்கள். அளவு மீறுவதையே கண்டிக்கிறோம்.

மருத்துவர் கூற்றையும் கேளுங்கள். திரையை உற்று நோக்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்ந்து எரிகிறது. இரவில் திரையின் ஒளி உறக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. நெடுநேரம் அசையாது உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலை அடைக்கவும் கூடும். தென் கொரியாவில் 2005ஆம் ஆண்டு, ஏறத்தாழ 50 மணி நேரம் ஆடிய ஒருவர் மாண்டே போனார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இவ்வடிமைத்தனமும் இடம்பெற்று, 2022 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்றக் கடமைகளுக்கு மேலாக அதை வைத்தல், கேடு கண்டும் விடாமை ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஓராண்டு நீடித்தால் அது நோய். ஆகவே, பெற்றோரே, அந்நிலைக்குப் போன பிள்ளையை ஏசியும் அடித்தும் பயனில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்நிலை வராமல் காப்பதே மேல். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வேலை நீங்கலாக நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்குக் குறைவாகவே திரை போதும் என்கிறது. மாலையில் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்புங்கள். வெளிச்சத்தில் ஓடியாடும் கண்ணுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு. இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் உறங்கட்டும். வாப்பாவின் கைப்பேசியும் அதில் சேர்த்திதான்! தம் கையிலிருப்பதை விடாத தகப்பனாரின் சொல் மகன் காதில் ஏறுமா?

சரீரம் நம் சொத்தன்று. அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பழுதின்றிக் காத்துத் திருப்பியளிக்க வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.