சிந்தனைத் துளி: மறந்துபோவதற்குள்

விருந்தில் சாப்பிட்ட பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால், எந்த உணவு காரணம் என்றறிய, நோயுறாதவர்களையும் சேர்த்து எல்லோரையும் விசாரிக்க வேண்டும். நாலு நாள் போனால் என்ன சாப்பிட்டோம் என்பதே மறந்துவிடும். உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்தில் அத்தனை பேரிடமும் உடனே பேச ஆள் ஏது? அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளியில் 2003-இல் தொடங்கிய ‘டீம் எபி-எய்ட்’ என்ற மாணவர் தொண்டர் குழு கைகொடுத்தது இந்த இடத்தில்தான்.

அனுபவமில்லாத மாணவர்களிடம் இந்த விசாரணையை ஒப்படைக்கலாமா என்பார்கள். கேள்வித்தாளும் முடிவும் அலுவலகத்துடையவை. பயிற்சி பெற்ற மாணவர் கேட்டுப் பதிவு செய்கிறார், அவ்வளவே. படிப்பு முடிந்ததும் போய்விடுவார்களே என்ற குறைதான் இன்னும் கனமானது. மக்களைப் பாடப்பொருளாக மட்டும் பார்த்து மாணவர்கள் நடத்தும் ஒருநாள் முகாம்களுக்கு அது முழுக்கப் பொருந்தும். ஊரிலேயே நிலைத்திருக்கும் அலுவலகத்தின் கீழ் வேலை செய்யும்போதோ, மாணவர்கள் மாறினாலும் பொறுப்பு கைவிடப்படுவதில்லை. பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்களே, முகாமுக்குத் தேதி குறிக்குமுன் உங்கள் ஊர்ச் சுகாதார அலுவலகத்துக்கு என்ன தேவை என்று போய்க் கேளுங்கள்.